பிசிஓ2 நார்மலுக்கு வந்துவிட்டது என்றால் நிம்மதியா? (திரவம், எலக்ட்ரோலைட், அமில-கார சமநிலை: நர்சிங் மாணவர் சந்தேகங்கள்)

#1 மூன்றாமாண்டு_மாணவி

பயிற்சித்தாளில் வந்த ஒரு கணக்கு. டயபெடிக் கீட்டோஅசிடோசிஸ் (இன்சுலின் இல்லாமல் ரத்தத்தில் கீட்டோன் அமிலம் சேர்ந்த நிலை) நோயாளி. முதல் ஏபிஜி (தமனி ரத்த வாயுப் பரிசோதனை): பிஹெச் 7.26, பிசிஓ2 (ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடின் அழுத்தம்) 23, பைகார்பனேட் 10. சில மணி நேரம் கழித்து இரண்டாவது: பிஹெச் 7.09, பிசிஓ2 34, பைகார்பனேட் 10. மூச்சு வேகம் 34-லிருந்து 20-க்கு இறங்கியிருக்கிறது. சோடியம் 134, குளோரைடு 96, பொட்டாசியம் 5.4, சர்க்கரை 500.

பிசிஓ2-வின் நார்மல் 35–45. அப்படியானால் 34 கிட்டத்தட்ட நார்மல்தானே? மூச்சு வேகமும் 20. "நோயாளி சீராகிறார்" என்பது தவறான விடை என்று போட்டிருக்கிறது. ஏன் என்று புரியவில்லை. பொட்டாசியம் ஏற்கெனவே 5.4 இருக்கும்போது அடுத்த கேள்வியில் பொட்டாசியம் ஏற்றத் தயாராக இரு என்கிறார்கள். அதுவும் புரியவில்லை.

#2 ஐசியு_இரவுப்பணி

பிசிஓ2-வின் அந்த 34-தான் இந்தக் கணக்கிலேயே மிக ஆபத்தான எண்.

பைகார்ப் 10-க்கு இறங்கினால் நுரையீரல் சும்மா இருக்காது. ஆழமாகவும் வேகமாகவும் இழுத்து கார்பன் டை ஆக்சைடை வெளியே தள்ளும். எவ்வளவு தள்ள வேண்டும் என்பதற்கு விண்டர்ஸ் சூத்திரம் இருக்கிறது: பைகார்பை 1.5-ஆல் பெருக்கி 8 கூட்டு. விடையில் 2 கூடலாம், 2 குறையலாம். இங்கே 15 + 8 = 23. ஆக, பிசிஓ2 21-க்கும் 25-க்கும் இடையே இருக்க வேண்டும். முதல் ஏபிஜியில் 23. நுரையீரல் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது.

இரண்டாவதில் பைகார்ப் அதே 10. தேவை அதே 23. ஆனால் பிசிஓ2 34. அப்படியென்றால் மூச்சுத்தசை களைத்துவிட்டது, அல்லது மயக்கம் ஆழமாகி மூச்சு மந்தமாகிவிட்டது. மெட்டபாலிக் அசிடோசிஸோடு (பைகார்ப் குறைந்து வரும் அமிலத்தேக்கம்) ரெஸ்பிரேட்டரி அசிடோசிஸும் (கார்பன் டை ஆக்சைடு தேங்கி வருவது) சேர்ந்துவிட்டது. அதனால்தான் பிஹெச் 7.09. வேகம் 34-லிருந்து 20 ஆனதை "மூச்சுத்திணறல் குறைந்தது" என்று சார்ட்டில் எழுதுவதற்கு முன் நோயாளியின் முகத்தைப் பார்: தட்டினால் கண் திறக்கிறாரா, மார்பு முழுதாக ஏறி இறங்குகிறதா, வார்த்தை முழுசாக வருகிறதா. உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டிய நிலை இது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இப்படிப்பட்டவரை வென்டிலேட்டரில் போட்டு வழக்கமான 14 மூச்சு வைத்தால் பிஹெச் இன்னும் சரியும். தானாக 34 முறை இழுத்துக்கொண்டிருந்தவருக்கு மெஷின் 14 முறை கொடுத்தால் கார்பன் டை ஆக்சைடு எங்கே போகும்? செட்டிங் வைப்பது டாக்டர்தான். ஆனால் டியூப் போட்ட பிறகு அடுத்த ஏபிஜி எப்போது என்று கேட்டு வாங்குவது நம் வேலை.

கடுமையான ஆஸ்துமாவிலும் இதே கதைதான். வீசிங்கோடு வேகமாக மூச்சு வாங்குபவருக்கு பிசிஓ2 குறைவாக இருக்க வேண்டும். அது 40 என்று வந்தால் அவர் தோற்றுக்கொண்டிருக்கிறார்.

#3 அம்புக்குறி_நம்பி

பிஹெச்சோடு ஒரே திசை என்றால் மெட்டபாலிக், எதிர்த்திசை என்றால் ரெஸ்பிரேட்டரி என்று அம்புக்குறி போட்டுப் பார்ப்போமே, அதை வைத்து இதைப் பிடிக்க முடியாதா? பிஹெச் கீழே, பைகார்ப் கீழே, எனவே மெட்டபாலிக் அசிடோசிஸ். பிசிஓ2-வும் கீழே, எனவே ஈடுசெய்தல் நடக்கிறது.

#4 வகுப்பெடுப்பவர்

தம்பி, நீ சொன்னதில் தவறில்லை, ஆனால் பாதியில் நிற்கிறது. அம்புக்குறி திசையை மட்டும்தான் சொல்லும். அளவைச் சொல்லாது. 23-க்கும் 34-க்கும் ஒரே அம்புதான் வரும். பிழைப்பவரையும் சரிபவரையும் ஒரே மாதிரி காட்டும் கருவியை மட்டும் நம்ப முடியாது.

வரிசையை இப்படி வைத்துக்கொள்ளுங்கள். முதலில் பிஹெச்: 7.35-க்குக் கீழா, 7.45-க்கு மேலா. அடுத்து, அதே பக்கம் இழுப்பது யார்? கார்பன் டை ஆக்சைடு அமிலம்; அது ஏறினால் பிஹெச் இறங்கும். பைகார்ப் காரம், அது இறங்கினால் பிஹெச் இறங்கும். அதன் பிறகு, மற்றவர் ஈடுகொடுக்கும் அளவு எதிர்பார்த்ததுதானா? கடைசியாக, எந்த ஏபிஜியாக இருந்தாலும், பிஹெச் நார்மலாகவே இருந்தாலும், ஆனயன் கேப். இந்தக் கடைசிப் படியைத்தான் எல்லோரும் தாண்டிவிடுகிறார்கள்.

நுரையீரல் நிமிடங்களில் ஈடுசெய்யத் தொடங்கும். சிறுநீரகத்துக்கு முழுதாகச் செய்ய 3 முதல் 5 நாள் பிடிக்கும். இந்தக் கால வித்தியாசத்தை வைத்தே நோய் பழசா புதுசா என்று சொல்லலாம். இரண்டு பேருக்கும் பிசிஓ2 60 என்று வையுங்கள். ஒருவருக்கு பிஹெச் 7.26, பைகார்ப் 26. இன்னொருவருக்கு பிஹெச் 7.35, பைகார்ப் 32. திடீரென்று ஏறினால் ஒவ்வொரு 10 மி.மீ. ஏற்றத்துக்கும் பைகார்ப் 1 கூடும். நாள்பட்டதென்றால் 4 வரை கூடும். ஆகவே முதலாமவருக்கு இன்றைக்குத்தான் ஏதோ நடந்திருக்கிறது: வலி மருந்து கூடிப்போயிருக்கலாம், சளி அடைத்திருக்கலாம். இரண்டாமவர் இந்த 60-உடன் பல மாதமாக வாழும் சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு) நோயாளி. அவருக்கு ஆக்சிஜன் செறிவு இலக்கு 88–92%. 99% காட்டும்வரை ஆக்சிஜனைத் திறந்துவிட்டால் பிசிஓ2 60-ஐத் தாண்டி ஏறும்.

வாந்தி அல்லது ரைல்ஸ் டியூப் (மூக்கு வழியாக வயிற்றுக்குப் போடும் குழாய்) வழியாக வயிற்று அமிலம் போய்க்கொண்டே இருந்தால் நேர்மாறு. பிஹெச் 7.48, பைகார்ப் 34, பிசிஓ2 47. பைகார்ப் 10 கூடினால் பிசிஓ2 சுமார் 7 கூடும். மூச்சு மந்தமாவது இங்கே ஈடுசெய்தல்.

ஆனயன் கேப்: சோடியத்திலிருந்து குளோரைடையும் பைகார்பையும் கழி. நம் நோயாளிக்கு 134 − (96 + 10) = 28. நார்மல் 8–12. கீட்டோன் அமிலம் அந்த இடத்தை நிரப்பியிருக்கிறது. பேதியில் பைகார்ப் போகும்போது குளோரைடு அதன் இடத்துக்கு வந்துவிடும். அதனால் கேப் ஏறாது. ஆல்புமின் குறைந்தவருக்கு, 4-லிருந்து குறைந்த ஒவ்வொரு கிராமுக்கும் கேப்பில் 2.5 சேர்த்துப் பாருங்கள். இல்லாவிட்டால் கேப் நார்மல் என்று ஏமாந்துபோவோம்.

சர்க்கரை 500 இருக்கும்போது சோடியம் நீர்த்துத் தெரியும். 100-க்கு மேல் ஒவ்வொரு 100-க்கும் 1.6 சேர்த்தால் 134 + 6.4, கிட்டத்தட்ட 140. ஆனால் கேப் கணக்கில் திருத்திய சோடியத்தைப் போடக் கூடாது. ரிப்போர்ட்டில் வந்த 134-ஐத்தான் போட வேண்டும். குளோரைடும் பைகார்பும் அதே அளவு நீர்த்துத்தான் வந்திருக்கின்றன.

#5 லேப்_மேசை

கணக்கெல்லாம் சரி. சாம்பிள் தவறாக இருந்தால் அவ்வளவும் வீண். மேசைக்கு வரும் சிரிஞ்சுகளில் திரும்பத் திரும்பப் பார்ப்பவை:

ஏபிஜி சிரிஞ்சில் திரவ ஹெப்பாரின் (ரத்தம் உறையாமல் தடுப்பது) மிச்சம் நிற்பது. உள்சுவரை நனைத்துவிட்டு முழுவதையும் வெளியே தள்ள வேண்டும். அரை மி.லி. நின்று, அதில் 1 மி.லி. ரத்தம் மட்டும் எடுத்தால் பிசிஓ2-வும் பைகார்பும் பொய்யாகக் குறையும். மெட்டபாலிக் அசிடோசிஸ் மாதிரியே தெரியும்.

காற்றுக்குமிழி. எடுத்த உடனே ஊசியை மேல்நோக்கிப் பிடித்து, தட்டி, குமிழியை வெளியேற்றி, மூடி போடு. விட்டுவிட்டால் பிசிஓ2 குறைந்தும் பிஓ2 (ஆக்சிஜன் அழுத்தம்) அறைக்காற்றின் 150-ஐ நோக்கி நகர்ந்தும் வரும். பிறகு இரு உள்ளங்கைக்கு இடையில் உருட்டு, குலுக்காதே.

தாமதம். வெள்ளணுக்கள் சிரிஞ்சுக்குள்ளேயும் ஆக்சிஜனைத் தின்னும், அமிலத்தை விடும். 30 நிமிடத்துக்குள் மெஷினுக்கு வர வேண்டும். நோயாளி எவ்வளவு ஆக்சிஜனில் இருந்தார், உடல் வெப்பம் என்ன என்று எழுதாமல் வரும் சாம்பிளை யாராலும் சரியாகப் படிக்க முடியாது.

பொட்டாசியத்துக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். டூர்னிகே (கையில் இறுக்கும் பட்டை) ஒரு நிமிடத்துக்கு மேல், கையை மூடித் திற என்று சொல்வது, மெல்லிய ஊசியில் வேகமாக இழுப்பது: இவை எல்லாம் பொட்டாசியத்தைப் பொய்யாக ஏற்றும். ஊதா மூடிக் குழாயில் நிரப்பிய ரத்தத்தைக் கொஞ்சம் சிவப்பு மூடிக் குழாய்க்கு மாற்றி ஊற்றவே கூடாது. ஊதாவில் இருப்பது, கால்சியத்தைப் பிடித்து ரத்தம் உறையாமல் தடுக்கும் பொட்டாசியம் இடிடிஏ. பொட்டாசியம் எகிறி, கால்சியம் பாதாளத்தில் விழுந்து வந்தால் நாங்கள் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். ட்ரிப் ஓடும் கையில், ட்ரிப்புக்கு மேலே எடுத்த ரத்தமும் அப்படியே: அது நோயாளியின் ரத்தமல்ல, பாட்டிலின் ரிப்போர்ட்.

#6 மூன்றாமாண்டு_மாணவி

34 புரிந்துவிட்டது, நன்றி. எண்ணைத் தனியாகப் பார்க்காமல் "இந்த நிலையில் எவ்வளவு இருக்க வேண்டும்" என்று பார்க்கணும். பொட்டாசியம்?

#7 ஐசியு_இரவுப்பணி

உடம்பின் பொட்டாசியத்தில் 98% செல்லுக்குள். ரத்தத்தில் நாம் அளப்பது மிச்ச 2%. இன்சுலின் இல்லாததாலும் சர்க்கரை தண்ணீரை வெளியே இழுப்பதாலும் பொட்டாசியம் செல்லை விட்டு ரத்தத்துக்கு வருகிறது. அங்கிருந்து சிறுநீரில் போகிறது. ஆகவே 5.4 என்பது வாசலில் நிற்கும் கூட்டம். வீட்டுக்குள் காலி. இன்சுலின் தொடங்கியவுடன் வாசலில் நிற்பதும் உள்ளே போய்விடும். சில மணி நேரத்தில் அந்த 5.4 இறங்கி 3-க்கு வரலாம்.

அதனால் வரிசை: சிறுநீர் வருகிறதா பார். 5-க்கு மேல் இருக்கும்வரை பொட்டாசியம் சேர்க்காமல், 2 மணி நேரத்துக்கு ஒருமுறை பரிசோதனை. 5-க்குக் கீழே வந்ததும் திரவத்தில் சேர்ப்பார்கள். 4-க்கும் 5-க்கும் இடையே நிறுத்துவது குறிக்கோள். முதல் ரிப்போர்ட்டிலேயே 3.5-க்குக் கீழ் என்றால் இன்சுலினைத் தொடங்கக் கூடாது, பொட்டாசியம் முதலில். பழைய புத்தகங்களில் இந்த எல்லை 3.3 என்று இருக்கும். இன்சுலின் ஆர்டர் வந்தவுடன் கையில் எடுக்கும் முதல் பொருள் இன்சுலின் குப்பி அல்ல, பொட்டாசியம் ரிப்போர்ட்.

#8 டயாலிசிஸ்_சிஸ்டர்

பொட்டாசியம் நிஜமாகவே ஏறிப்போன பக்கத்தையும் எழுதிவிடுகிறேன், தேர்விலும் வார்டிலும் ஒரே இடத்தில்தான் குழம்புகிறார்கள்.

ஈசிஜியில் முதலில் டி அலை கூடாரம் மாதிரி கூர்மையாக நிற்கும். பிறகு பி அலை தட்டையாகும், பிஆர் நீளும், க்யூஆர்எஸ் அகலும். கடைசியில் எல்லாம் சேர்ந்து ஒரே வளைகோடாகும், அடுத்தது நின்றுபோவதுதான். ஆனால் எல்லோருக்கும் இந்த வரிசையில் வராது. ஈசிஜி சாதாரணமாக இருக்கிறது என்று 7-ஐ விட்டுவைக்காதீர்கள்.

சிகிச்சையில் மூன்று தனித்தனி வேலைகள். கால்சியம் குளுக்கோனேட் 10%, 10 மி.லி., மானிட்டர் பார்த்துக்கொண்டே 5 நிமிடத்தில். இது பொட்டாசியத்தை ஒரு புள்ளிகூடக் குறைக்காது. இதயச் சவ்வைக் காப்பாற்றும், அவ்வளவே. சில நிமிடத்தில் வேலை செய்யும், 30–60 நிமிடம் தாங்கும். ஈசிஜி மாறவில்லையென்றால் 5 நிமிடத்தில் இன்னொன்று. "கால்சியம் போட்டோம், பொட்டாசியம் ஏன் குறையவில்லை" என்று கேட்பவர்கள் இந்த வாக்கியத்தை மறுபடி படிக்கவும்.

இரண்டாவது, செல்லுக்குள் தள்ளுவது. ரெகுலர் இன்சுலின் 10 யூனிட் ஐவி, கூடவே 25 கிராம் டெக்ஸ்ட்ரோஸ்: 50% என்றால் 50 மி.லி., 25% என்றால் 100 மி.லி. குப்பி 40 யூனிட்டா 100 யூனிட்டா என்று லேபிளைப் படித்து அதற்கான இன்சுலின் சிரிஞ்சிலேயே எடு. சாதாரண 2 மி.லி. சிரிஞ்சில் கண்ணளவாக எடுப்பதில்தான் பத்து மடங்கு தவறு வருகிறது. இன்சுலின் 4–6 மணி நேரம் வேலை செய்யும், டெக்ஸ்ட்ரோஸ் அதற்கு முன்பே தீர்ந்துவிடும். எனவே 6 மணி நேரத்துக்கு மணிக்கொருமுறை சர்க்கரை பார்க்க வேண்டும். சிறுநீரகம் கெட்டவர்களில் இன்சுலின் இன்னும் நீண்ட நேரம் தங்கும். சால்பூட்டமால் நெபுலைசரும் உதவும், ஆனால் 10–20 மி.கி.; ஆஸ்துமாவுக்குக் கொடுக்கும் 2.5 அல்ல.

மூன்றாவது, உடம்பை விட்டு வெளியேற்றுவது: சிறுநீர் வந்தால் ஃப்யூரோசமைட், குடலில் பிடிக்கும் ரெசின், இல்லையென்றால் டயாலிசிஸ். முதல் இரண்டும் நேரம் வாங்கித் தருபவை மட்டுமே.

கால்சியமும் சோடியம் பைகார்பும் ஒரே லைனில் அடுத்தடுத்து வேண்டாம். நடுவில் ஃப்ளஷ் செய்யாவிட்டால் குழாய்க்குள்ளேயே சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாகப் படியும்.

#9 வார்டு_சீனியர்

பொட்டாசியம் குளோரைடு கலப்பதைப் பற்றி யாரும் கையைப் பிடித்துக் காட்டுவதில்லை. அதனால் படிப்படியாக.

15% ஆம்பூல், 10 மி.லி. அதில் இருப்பது 20 மில்லி ஈக்விவலன்ட் (மி.ஈ.). "ஒரு ஆம்பூல் போடு" என்ற வாய்மொழி ஆர்டரை ஏற்காதே, எத்தனை மி.ஈ., எத்தனை மி.லி. திரவத்தில், எத்தனை மணி நேரத்தில் என்று மூன்றும் எழுத்தில் வேண்டும். நேராக நரம்பில் ஒருபோதும் கிடையாது, எவ்வளவு மெதுவாக என்றாலும் கிடையாது. இதயம் நின்றுவிடும்.

கை நரம்பு வழியாக வழக்கமான உச்ச வேகம் மணிக்கு 10 மி.ஈ.; செறிவு லிட்டருக்கு 40. மணிக்கு 20 வரை போக மானிட்டரும் பெரிய நரம்பு லைனும் வேண்டும். கணக்கு: 500 மி.லி. என்எஸ்-ல் (நார்மல் சலைன்) 20 மி.ஈ. போட்டால் லிட்டருக்கு 40. மணிக்கு 10 போக வேண்டுமென்றால் மணிக்கு 250 மி.லி., 2 மணி நேரம். இதயம் பலவீனமானவருக்கு அந்த 250 தாங்குமா என்று அப்போதே கேட்க வேண்டும்.

இப்போது கலப்பது. தொங்கிக்கொண்டிருக்கும் பையில் ஊசியைக் குத்திச் சேர்க்கவே கூடாது. பொட்டாசியம் கரைசல் கனமானது. குத்திய இடத்திலேயே, அதாவது வெளியேறும் வாயருகே, அடியில் தங்கும். பையில் பார்த்தால் ஒன்றும் தெரியாது, இரண்டும் தண்ணீர் நிறம். லைன் திறந்தவுடன் முதல் சில மி.லி.யில் பெரும்பகுதி பொட்டாசியம் போய்விடும். லிட்டருக்கு 40 என்று லேபிள் ஒட்டியிருப்போம். நரம்பில் போவது பல மடங்கு. பையை ஸ்டாண்டிலிருந்து இறக்கி, செட் மாட்டுவதற்கு முன் சேர்த்து, தலைகீழாகப் பத்து முறையாவது புரட்டி, நடுநடுவே பிசைந்து, அதன் பிறகு லேபிள், அதன் பிறகு செட். இன்னொரு சிஸ்டர் ஆம்பூலைப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும்.

எரிகிறது என்று நோயாளி சொன்னால் வேகத்தைக் குறை, ஊசி இடத்தைப் பார். சிவந்து வீங்கியிருந்தால் நிறுத்து.

பொட்டாசியம் எத்தனை கொடுத்தும் ஏறவில்லையா? மெக்னீசியம் பார்க்கச் சொல். மெக்னீசியம் குறைந்தால் சிறுநீரகம் பொட்டாசியத்தைப் பிடித்து வைக்காது. ஓட்டைக் குடத்தில் ஊற்றுவதுதான். பொட்டாசியம் குறைந்தவருக்கு அதை டெக்ஸ்ட்ரோஸில் கலந்து ஏற்றுவதும் சரியல்ல. டெக்ஸ்ட்ரோஸ் இன்சுலினைத் தூண்டி இருப்பதையும் உள்ளே தள்ளும்.

#10 ட்ரிப்_எண்ணுபவன்

சொட்டுக் கணக்கில் ஒரு சந்தேகம். 1000 மி.லி., 8 மணி நேரம், செட்டில் மி.லி.க்கு 20 சொட்டு என்று இருக்கிறது. 1000 × 20 ÷ 480 = 41.7. எனவே நிமிடத்துக்கு 42 சொட்டு. சரியா?

#11 வார்டு_சீனியர்

சரி. செட் அட்டையில் 15 என்றிருந்தால் 31. மைக்ரோ செட் 60 சொட்டு என்பதால் மணிக்கு எத்தனை மி.லி.யோ நிமிடத்துக்கு அத்தனை சொட்டு. பதினைந்து நொடி எண்ணி நாலால் பெருக்காதே, முழு நிமிடம் எண்ணு. நோயாளி கை மடக்கினாலே வேகம் மாறும். பாட்டிலில் மணி வாரியாக டேப் ஒட்டி வை. பின்தங்கிப்போனால் ஈடுகட்ட வேகமாக ஓட்டாதே. மிச்சத்தை மிச்ச நேரத்துக்கு மறுபடி கணக்கிட்டு, பெரிய வித்தியாசம் என்றால் டாக்டரிடம் சொல்.

#12 மூன்றாமாண்டு_மாணவி

எந்த பாட்டில் யாருக்கு என்பதை மனப்பாடம் செய்யாமல் புரிந்துகொள்ள வழி உண்டா?

#13 வகுப்பெடுப்பவர்

ஏற்றிய தண்ணீர் எங்கே போய் நிற்கிறது என்று மட்டும் யோசியுங்கள். 70 கிலோ ஆணுக்குச் சுமார் 42 லிட்டர் தண்ணீர். செல்லுக்குள் 28, வெளியே 14. அந்த 14-இல் ரத்தக்குழாய்க்குள் பிளாஸ்மாவாக 3 லிட்டர் சொச்சம்.

டெக்ஸ்ட்ரோஸ் 5%-இல் சர்க்கரையைச் செல் எடுத்துக்கொண்டதும் மிஞ்சுவது வெறும் தண்ணீர். அது மூன்று அறைக்கும் பரவும். ஒரு லிட்டரில் ரத்தக்குழாயில் நிற்பது 100 மி.லி.க்கும் கீழ். பிபி விழுந்தவருக்கு இதைப் போட்டு என்ன பயன்? மூளை வீக்கம் உள்ளவருக்கோ இது கேடு. என்எஸ்-இல் சோடியம் 154. சோடியம் செல்லுக்குள் போகாது, அதனால் தண்ணீரும் வெளியிலேயே நிற்கும். லிட்டரில் சுமார் 250 மி.லி. குழாய்க்குள். ஆர்எல்-லும் (ரிங்கர் லாக்டேட்) கிட்டத்தட்ட அப்படியே: சோடியம் 130, குளோரைடு 109, லாக்டேட் 28, பொட்டாசியம் 4, கொஞ்சம் கால்சியம். அந்த லாக்டேட் கல்லீரலில் பைகார்பாக மாறும். 1932-இல் ஹார்ட்மன் ரிங்கர் கரைசலில் லாக்டேட்டைச் சேர்த்தது அமிலத்தேக்கத்தைச் சரிசெய்யத்தான்.

#14 அம்புக்குறி_நம்பி

ஆர்எல்-ல் பொட்டாசியம் இருப்பதால் சிறுநீரக நோயாளிக்குக் கூடாது, என்எஸ்தான் பாதுகாப்பு என்று படித்திருக்கிறேன்.

#15 டயாலிசிஸ்_சிஸ்டர்

அந்த வரி பல நோட்ஸில் இருக்கிறது. ஆனால் கணக்குக்கு நிற்காது. லிட்டருக்கு 4 உள்ள திரவத்தை எவ்வளவு ஊற்றினாலும் ரத்தம் 4-ஐ நோக்கித்தான் போகும். பொட்டாசியம் 6 இருப்பவருக்கு அது நீர்க்கவே செய்யும். என்எஸ்-லோ குளோரைடு 154. ரத்தத்தில் இருப்பது 100 சொச்சம். லிட்டர் கணக்கில் போனால் குளோரைடு ஏறி, பைகார்ப் இறங்கி, கேப் ஏறாத அசிடோசிஸ் வரும். அது பொட்டாசியத்தைச் செல்லிலிருந்து வெளியே தள்ளும். சிறுநீரக மாற்று அறுவையின்போது இரண்டையும் ஒப்பிட்ட, 2005-இல் வெளியான ஆய்வில் பொட்டாசியம் அதிகம் ஏறியது என்எஸ் பக்கம்தான். சிறுநீர் போகாதவருக்கு எந்தத் திரவத்திலும் அளவுதான் முதல் பிரச்சினை, அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை.

ஆர்எல்-ஐ விலக்க வேண்டிய இடம் ரத்தம் ஏற்றும் லைன். அதன் கால்சியம் ரத்தப் பையின் சிட்ரேட்டை முறியடித்துக் குழாய்க்குள் உறைய வைக்கலாம். அங்கே என்எஸ்.

#16 ஐசியு_இரவுப்பணி

சோடியத்தைப் பற்றி யாரும் தொடவில்லை. அவசரப்படக் கூடாத எலக்ட்ரோலைட் அது. நாள்பட்டுக் குறைந்த சோடியம் 112 என்று வந்தவருக்கு 24 மணி நேரத்தில் 8, மிஞ்சினால் 10-க்கு மேல் ஏறக் கூடாது. ஏறினால் சில நாள் கழித்துப் பேச்சு குழறும், விழுங்க முடியாது, கை கால் விழும். மூளைத்தண்டின் நரம்புறை சிதைந்துபோகும். குடிப்பழக்கம், ஊட்டச்சத்துக் குறைவு, கல்லீரல் நோய், குறைந்த பொட்டாசியம் இருந்தால் ஆபத்து கூடுதல். வலிப்பு வந்தால் மட்டும் கதை வேறு: 3% சலைன் 100–150 மி.லி., 10–20 நிமிடத்தில். 4 முதல் 6 ஏறினாலே வலிப்பு அடங்கும்.

நர்ஸ் கண்ணில் மட்டும் முதலில் படும் ஒரு அடையாளம் உண்டு. இதுவரை மணிக்கு 40 மி.லி. போன சிறுநீர்ப் பை திடீரென்று மணிக்கு 200, 300 என்று வெளிறிய நிறத்தில் நிறைகிறது. "சிறுநீர் நன்றாகப் போகிறது" என்று எழுதிவிட்டுப் போகக் கூடாது. உடம்பு வெறும் தண்ணீரை வெளியே விடுகிறது, சோடியம் எகிறப்போகிறது. அடுத்த பரிசோதனை நேரத்துக்குக் காத்திருக்காமல் அப்போதே தெரிவிக்க வேண்டும். ஏற்றும் பொட்டாசியமும் சோடியத்தை உயர்த்தும் என்பதையும் கணக்கில் வைக்கணும்.

#17 குழந்தை_வார்டு

குழந்தைகளுக்குச் சுருக்கமாக. ஓஆர்எஸ் பாக்கெட்டை ஒரு லிட்டருக்கு என்றால் ஒரு லிட்டரிலேயே கரைக்க வேண்டும். பாதித் தூள், கண்ணளவுத் தண்ணீர் கூடாது. 2002 முதல் உள்ள கலவையில் சோடியம் 75, குளுக்கோஸ் 75, மொத்த ஆஸ்மோலாரிட்டி 245. இரண்டும் சமமாக இருப்பதற்குக் காரணம் உண்டு: சிறுகுடலில் குளுக்கோஸ் சோடியத்தின் கையைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே வரும், தண்ணீர் பின்னால் வரும். சர்க்கரையைக் கூட்டினால் குடல் தண்ணீரை வெளியே இழுத்து பேதி கூடும்.

ஓரளவு நீரிழப்புக்குக் கிலோவுக்கு 75 மி.லி., 4 மணி நேரத்தில். 8 கிலோ என்றால் 600 மி.லி. வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, மறுபடி கரண்டி கரண்டியாக. கண் செருகி, குடிக்க முடியாமல், வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் 2 நொடிக்கு மேல் மடிப்பு நின்றால் வாய்வழி போதாது, ஐவி.

#18 வார்டு_சீனியர்

இன்டேக்-அவுட்புட் சார்ட்டில் தவறாமல் விடுபடுபவை: ஆன்டிபயாடிக் கலந்த 100 மி.லி.கள், ஃப்ளஷ், ஐஸ் துண்டு (உருகினால் பாதி அளவு), சிறுநீர்ப்பை கழுவ விட்ட திரவம். கடைசியதைப் பையில் வந்த மொத்தத்திலிருந்து கழிக்க வேண்டும். கழிக்காவிட்டால் சிறுநீரே வராதவருக்கு 2 லிட்டர் வந்ததாகத் தெரியும். பெரியவருக்குக் குறைந்தது மணிக்குக் கிலோவுக்கு 0.5 மி.லி. வேர்வையும் மூச்சும் சார்ட்டில் வராது, அதனால் எடை பார்க்க வேண்டும்: காலையில், சிறுநீர் கழித்த பின், அதே தராசு, அதே அளவு உடை. ஒரே நாளில் 1 கிலோ கூடினால் அது 1 லிட்டர் தண்ணீர், சதை அல்ல. சார்ட்டும் எடையும் முரண்பட்டால் நான் எடையை நம்புவேன்.

மெக்னீசியம் சல்பேட் ஓடும் கர்ப்பிணிக்கு: முழங்கால் ரிஃப்ளெக்ஸ், மூச்சு, சிறுநீர். ரிஃப்ளெக்ஸ்தான் முதலில் போகும், மூச்சு அதன் பிறகு. தட்டி அசைவு இல்லையென்றால் உடனே நிறுத்தி, டாக்டரைக் கூப்பிடு. கால்சியம் குளுக்கோனேட் 10% 10 மி.லி. தலைமாட்டிலேயே இருக்கட்டும்.

#19 மூன்றாமாண்டு_மாணவி

இன்னொரு கணக்கு, நானே போட்டுப் பார்த்தேன். இரண்டு நாளாக வாந்தி, சிறுநீர் குறைவு, சோர்ந்திருக்கிறார். பிஹெச் 7.40, பிசிஓ2 40, பைகார்ப் 24. சோடியம் 145, குளோரைடு 95. ஏபிஜி முழுக்க நார்மல், ஆகவே அமில-காரக் கோளாறு இல்லை. சரியா அக்கா?

#20 வகுப்பெடுப்பவர்

கடைசிப் படியைத் தாண்டிவிட்டாய். 145 − (95 + 24) எவ்வளவு?

#21 மூன்றாமாண்டு_மாணவி

26. கேப் ஏறியிருக்கிறது! ஆனால் பைகார்ப் 24 இருக்கிறதே?

#22 வகுப்பெடுப்பவர்

கேப் 12-ஐ விட 14 அதிகம். அதாவது சுமார் 14 அளவுக்கு அமிலம் சேர்ந்து பைகார்பைத் தின்றிருக்கிறது. தின்ற பிறகும் 24 மிஞ்சுகிறது என்றால் அதற்கு முன் 38 இருந்திருக்க வேண்டும். 38-ஐ உண்டாக்கியது வாந்தி, மெட்டபாலிக் அல்கலோசிஸ் (காரம் மிகுந்த நிலை). அதைக் கீழே இழுத்தது, தண்ணீர் வற்றி ரத்த ஓட்டம் குறைந்ததால் சேர்ந்த லாக்டேட்டாக இருக்கலாம், சிறுநீரகம் நின்றதாக இருக்கலாம். இரண்டு நோயும் எதிரெதிரே இழுத்து நடுவில் 7.40-இல் நிற்கின்றன. வாந்தியை மட்டும் நிறுத்தினால் அமிலம் தனியாக நின்று பிஹெச்சைச் சரிக்கும்.

இவருக்கு லாக்டேட், கிரியாட்டினின், சர்க்கரை, கீட்டோன் கேட்டு வாங்கு. மணிக்கொரு சிறுநீர் அளவைத் தொடங்கு. ஏபிஜி அனுப்பும்போதெல்லாம் குளோரைடுக்கும் சேர்த்து ரத்தம் எடு. அந்த ஒரு எண் இல்லாவிட்டால் இவரை நார்மல் என்று வீட்டுக்கு அனுப்பியிருப்போம்.